கண்பாவைக்கு ஒரு கவசம்

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. டோக்கியோவின் சுரங்க ரயில்கள் அலுவலகக் கூட்டத்தால் பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். ஐந்து ரயில்களில் சாரின் என்ற திரவம் நிறைந்த பைகளைக் குடை முனையால் குத்திக் கசியவிட்டு இறங்கிப்போனார்கள் ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பினர். பாதிக்கப்பட்டுப் படியேறித் தெருவுக்கு வந்தவர்களில் பலர் மருத்துவர்களிடம் சொன்ன புகார் ஒன்றுதான்: கண் இருட்டுகிறது. செயின்ட் லூக் மருத்துவமனை அந்த ஒரே நாளில் 640 பேருக்குச் சிகிச்சை அளித்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உயிராபத்து இல்லை. ஆனால் விளக்கடித்துப் பார்த்தபோது கண்பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. இருட்டறைக்குக் கூட்டிப்போனாலும் அது விரியவில்லை.

இளம் வயதில் நல்ல இருட்டில் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர் விட்டத்துக்கு விரியும். அது 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டால் கண்ணுக்குள் போகும் ஒளி 49-ல் ஒரு பங்காகக் குறைகிறது. கூடவே, பார்வையைக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாற்றித் தரும் தசையும் இறுகிப்போகிறது. தூரத்தில் இருப்பது கலங்கித் தெரியும். புருவத்துக்குப் பின்னால் வலி குடையும். இந்த நிலை சில நாட்கள் நீடிக்கலாம், வாரக்கணக்கிலும் நீடிக்கலாம்.

காரணம் ஒரு நொதி. நரம்பு, தசைக்குக் கட்டளை இட அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. கட்டளை நிறைவேறியதும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி வந்து அதைச் சிதைத்துவிடும், தசை தளரும். சாரின் அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்க வைக்கிறது. கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, தசை இறுகியபடியே நிற்கிறது. அளவு மிகும்போது மூச்சுத் தசைகள் நின்று மனிதர் இறக்கிறார். ஆவியாக வரும் நச்சு உடலில் முதலில் தொடுவது கண்ணின் ஈரப்பரப்பை. ஆகவே மூச்சு முட்டுவதற்கு முன்பே, உயிருக்கு ஆபத்தில்லாத சொற்ப அளவிலேயே, பார்வை மங்கிவிடுகிறது.

இந்த வகை நச்சுகளைக் கண்டறிந்தவருக்கும் அதே அனுபவம் நேர்ந்தது. ஜெர்மனியின் லெவர்குசெனில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தவர். 1936 டிசம்பரில் அவர் தயாரித்த டபுன்தான் முதல் நரம்பு நச்சு. அடுத்த மாதமே ஆய்வுக்கூடத்தில் சிந்திய ஒரு சொட்டு, அவருக்கும் உதவியாளருக்கும் கண்ணை மங்கவைத்து, மூச்சை இறுக்கியது. தேறி வர மூன்று வாரம் ஆயிற்று. 1938-ல் அவர் குழு சாரினையும் செய்தது.

பதுங்குகுழியில் இருக்கும் காலாட்படை வீரருக்கு இந்தச் சொற்ப அளவு வந்து சேர்ந்தால் கண் எரியும், தலை வலிக்கும், சமாளித்துவிடுவார். தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில், நொடிக்கு இருநூறு மீட்டர் வேகத்தில், விடியலுக்கு முன் பறந்துகொண்டிருக்கும் விமானிக்கு அதே அளவு வந்தால் அவரும் விமானமும் மிஞ்சமாட்டார்கள். விமானக் குழுவினருக்கான இரசாயனப் பாதுகாப்பு உடை தனி அறிவியலாக வளர்ந்தது இந்த ஒரு வேறுபாட்டால்தான். மற்றவர்களின் உடைக்கு உயிர் பிழைத்தால் போதும். இவர்களுடைய உடை கண்பாவை ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்காமல் காக்க வேண்டும். அப்படிக் காத்துக்கொண்டே, பறப்பதற்குத் தேவையான கை, கழுத்து, காது, மூச்சு, வியர்வை எதையும் முடக்காமல் இருக்கவும் வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் கடந்த ஐம்பது ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது.

பனிப்போர் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் இருந்த விமான தளங்கள் சோவியத் ஏவுகணைகளின் எல்லைக்குள் இருந்தன. போர் மூண்டால் முதல் சில மணி நேரத்திலேயே ஓடுபாதைகள்மேல் நச்சுக் குண்டுகள் விழும் என்று நேட்டோ கருதியது. ஓடுபாதையை உடைத்தால் கான்கிரீட் போட்டு ஒட்டிவிடலாம். இயந்திர எண்ணெய் போலப் பிசுபிசுத்து நாள்கணக்கில் ஆவியாகாமல் கிடக்கும் விஎக்ஸ் போன்ற நச்சைத் தெளித்துவிட்டாலோ, தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் உடைக்குள் அடைபட வேண்டியிருக்கும். ப்ரூக்கன், லார்ப்ரூக் போன்ற பிரிட்டிஷ் தளங்களில் 1980-களில் நேட்டோவின் மதிப்பீட்டுக் குழு வந்து சைரனை ஒலிக்கவிடும். அதன்பின் மணிக்கணக்கில் எல்லோரும் முகமூடியோடுதான் நடமாட வேண்டும், எழுத வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும், பறக்க வேண்டும்.

விமானம் மேலே ஏறிவிட்டால் சுற்றிலும் சுத்தமான காற்றுதானே, அப்போது முகமூடி எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதிலும் டோக்கியோவிலேயே இருக்கிறது. செயின்ட் லூக் மருத்துவமனையில் ரயிலில் ஏறாத, சாரின் பையைப் பார்த்தே இராத ஊழியர்கள் நூறு பேருக்கும் மேல் நோய்க்குறிகள் கண்டன. நோயாளிகளின் சட்டையில் ஒட்டிவந்த நச்சு, காற்றோட்டமில்லாத கூடங்களில் ஆவியாகிப் பரவியதன் விளைவு அது. போர் விமானத்தின் காக்பிட், மருத்துவமனைக் கூடத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. பதுங்கிடத்திலிருந்து விமானம்வரை நடக்கும்போது பூட்ஸ் அடியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டால் போதும். கண்ணாடிக் கூரை மூடி, வெயிலும் மின்கருவிகளும் உள்ளே சூடேற்ற, அது நிதானமாக ஆவியாகும். விமானிக்கான ஆபத்து வானத்தில் காத்திருப்பதில்லை. அவரே அதைக் காலில் சுமந்து ஏறுகிறார்.

அதனால்தான் அந்தச் சிறு நடைக்கென்றே அமெரிக்க விமானப்படை ஒரு தனி ஏற்பாடு செய்தது. முழு உடையும் முகமூடியும் மாட்டிய விமானி, அதற்குமேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் போர்வை ஒன்றைத் தலையோடு சேர்த்து அணிந்துகொள்வார். பூட்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் உறை. ஏணிக்கு வந்ததும் தரைப் பணியாளர் உதவியோடு போர்வையைக் கழற்றி எறிந்து, ஒவ்வொரு காலாக உறையை உருவிவிட்டு, சுத்தமான காலைத் தரையில் படாமல் ஏணிப்படியில் வைப்பார். ஒரு கால் தவறித் தரையைத் தொட்டால் அத்தனை கவனமும் வீண்.

அந்த உடையை மாட்டுவது ஒருவரால் தனியாக ஆகிற காரியமில்லை. உடம்போடு ஒட்டிய பருத்தி உள்ளாடை. அதற்கு மேல், பழைய முறையில், கரி பதித்த நீள உள்ளாடை. அதன்மேல் தீப்பிடிக்காத நோமெக்ஸ் பறப்பு உடை. காலில், காலுறைக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. கையில் மூன்று அடுக்கு: வியர்வையை உறிஞ்ச மெல்லிய பருத்திக் கையுறை, நச்சைத் தடுக்க பியூட்டைல் ரப்பர் கையுறை, தீயைத் தடுக்க வழக்கமான பறப்புக் கையுறை. தரைப் பணியாளர்களின் ரப்பர் கையுறையை அங்குலத்தில் ஆயிரத்தில் 14 அல்லது 25 பங்கு தடிமனில் செய்கிறார்கள். விமானியுடையது ஆயிரத்தில் 7 பங்குதான், அதாவது 0.18 மில்லிமீட்டர். தடிமன் குறைந்தால் நச்சு ஊடுருவ எடுக்கும் நேரமும் குறையும் என்று தெரிந்தேதான் இப்படிச் செய்தார்கள். விமானியின் விரல் நுனி, கண்ணால் பார்க்காமலே வடிவத்தை வைத்துப் பொத்தான்களை அடையாளம் காண வேண்டும். காக்பிட்டின் பல பொத்தான்கள் வெவ்வேறு வடிவில் இருப்பது அதற்காகத்தான். மூன்று உறைகளுக்குள் போன விரலுக்கு எல்லாப் பொத்தானும் ஒன்றுபோலத்தான் படும். இதன்மேல் காலிலும் வயிற்றிலும் இறுக்கும் ஜி-உடை, மிதவை, பாராசூட் பட்டைகள், ஹெல்மெட்.

இத்தனைக்கும் நடுவில் நச்சைப் பிடிக்கும் வேலையைச் செய்வது கரி மட்டுமே. செயலூட்டிய கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவர்களைப் பிரித்து விரித்தால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நச்சின் மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன, காற்று தாண்டிப்போகிறது. ரஷ்ய வேதியியலாளர் நிகோலாய் செலின்ஸ்கி 1915-ல் இதை முகமூடிக்குள் வைத்தார். எந்தக் கரி நல்லது என்று தேடிய அமெரிக்கர்கள், தேங்காய்ச் சிரட்டையின் கரி அடர்த்தியாகவும் நுண்துளை மிகுந்தும் இருப்பதைக் கண்டார்கள். சிரட்டை போதாமல் போகவே 1918-ல் நாடு முழுக்கப் பீச் பழக் கொட்டைகளைச் சேகரிக்கச் சொல்லி விளம்பரம் ஒட்டினார்கள். ஒரு முகமூடிக்கு 200 பீச் கொட்டை என்று கணக்குச் சொன்னார்கள். இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிரட்டைக் கரி பெரும் ஏற்றுமதித் தொழிலாக இருப்பதற்குப் பின்னாலும் அதே நுண்துளைகள்தான். ஹைட்ரஜன் சயனைடு போன்ற சிறிய மூலக்கூறுகளை வெறும் கரியால் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே வடிகட்டியில் வைக்கும் கரிக்குள் செம்பு, வெள்ளி, துத்தநாகச் சேர்மங்களை ஏற்றி, வேதிவினை மூலம் அவற்றைச் சிதைக்கிறார்கள்.

கரியைத் துணியில் பதிப்பது வேறு கதை. ஆரம்பகால உடைகளில் கரித்தூளை நுரைப்பஞ்சில் ஊட்டியிருந்தார்கள். நடக்க நடக்க அது உதிர்ந்து, வியர்வையோடு கலந்து, கழுத்திலும் அக்குளிலும் மணிக்கட்டிலும் கறுப்பாகப் படிந்தது. உடையைக் கழற்றியவர்கள் சுரங்கத் தொழிலாளிகளைப் போல வெளியே வந்தார்கள். பிற்காலத்தில் ஜெர்மானியர்கள் கரியைக் கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக்கித் துணியில் ஒட்டும் முறையைக் கண்டார்கள். உருண்டைகளுக்கு இடையே காற்று நுழைய வழி இருந்தது. கறுப்பு உதிர்வதும் நின்றது. 1990-களில் அமெரிக்க விமானிகளுக்குக் கரி உள்ளாடையும் நோமெக்ஸும் சேர்ந்த ஒரே மேலுடை கிடைத்தது. ஒரு அடுக்கு குறைந்ததற்கே பெரிய நிம்மதி.

இனி தலைக்கு வருவோம். பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இருந்த விமானப்படை மருத்துவ ஆய்வு நிறுவனம் வடிவமைத்த ஏஆர்-5 என்ற முகமூடிக் குல்லாய்தான் என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் புத்திசாலித்தனமான படைப்பு. ரப்பர் குல்லாய் தலை, முகம், கழுத்து முழுவதையும் மூடித் தோள்வரை இறங்கும். அதன் கீழ்விளிம்பு பறப்பு உடைக்குள் செருகப்படும். முகத்துக்கு எதிரே ஒரே ஒரு பாலிகார்பனேட் கண்ணாடி. உள்ளே மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் சின்ன முகமூடி. மொத்தமும் ஹெல்மெட்டுக்கு அடியில் அடங்கிவிடும்.

இரண்டு குழாய்கள் அதற்குள் போகின்றன. ஒன்று மூச்சுக்கு. மற்றது வடிகட்டிய காற்றைக் கண்ணாடியின் உட்பக்கமாக ஊதிக்கொண்டே இருப்பதற்கு. அந்த இரண்டாவது காற்றோட்டம் இரண்டு வேலை செய்கிறது. மூச்சின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியாமல் துடைக்கிறது. குல்லாய்க்குள் அழுத்தத்தை வெளியைவிடச் சற்று கூடுதலாக வைக்கிறது. எங்கேனும் கழுத்து மடிப்பில் சின்ன இடைவெளி விழுந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியே போகுமே தவிர, நச்சு உள்ளே வராது. ரப்பரும் தோலும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று மல்லுக்கட்டாமல், பொருந்தாத இடத்தைக் காற்றாலேயே காவல் காக்கவிட்டார்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தாக வேண்டிய விமானிக்கு, கழுத்தை நெரிக்கும் இறுக்கமில்லாமல் பாதுகாப்புத் தந்த யோசனை அது.

காற்று ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் இதெல்லாம். விமானத்தில் செருகியிருக்கும்போது அங்கிருந்து காற்று வரும். நடந்து போகும்போது? பேட்டரியில் ஓடும் சிறு விசிறிப் பெட்டி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிரிட்டிஷ் விமானிகள் அதற்குச் சீட்டியடிக்கும் கைப்பை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹெல்மெட்டும் குல்லாயும் மாட்டிய விமானி இந்தப் பெட்டியைப் பிடித்தபடி நடந்து, ஏணியேறி, பெட்டியின் குழாயைக் கழற்றி விமானத்தின் குழாயில் மாட்டும் அந்தச் சில நொடிகளில் கண்ணாடியில் பனி படரத் தொடங்கிவிடும். பனி படர்ந்தால் துடைக்க வழியில்லை, ஏனென்றால் அது உட்பக்கம்.

துடைக்க முடியாதது அது ஒன்று மட்டுமில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரித்தால் தேய்க்க முடியாது. மூக்கில் அரிப்பெடுத்தால் சொறிய முடியாது. தும்மினால் தும்மியதோடுதான் இருக்க வேண்டும். உயரத்திலிருந்து வேகமாக இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பொத்தி ஊதினால் திறக்கும் என்பது எல்லா விமானிகளும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது. மூக்கு ரப்பருக்குள் இருக்கும்போது அதை எப்படிப் பொத்துவது? வெளியிலிருந்து அழுத்தி மூக்கை அடைப்பதற்கான ஏற்பாட்டை முகமூடிக்குள்ளேயே வைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு மெல்லிய குழாய். சிறுநீர் கழிக்கும் பிரச்சினைக்கு எவராலும் நல்ல விடை சொல்ல முடியவில்லை. அதனால் பலர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அது எத்தனை ஆபத்தான முடிவு என்பது வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. விமானம் ஓட்டும்போது அது இன்னும் கூடும். வழக்கமாக இந்த வெப்பம் தோலிலிருந்து காற்றுக்குப் போகும். போதாதபோது வியர்வை ஆவியாகி எடுத்துப்போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகிறது. நம் உடலிடம் இருக்கும் குளிர்சாதனங்களில் இதற்கு இணை இல்லை. பாதுகாப்பு உடையின் அடுக்குகள் அடைப்பது இந்த வழியைத்தான். வியர்வை சுரக்கிறது, ஆனால் ஆவியாகப் போக்கிடமில்லை. கையுறையின் விரல் நுனியிலும் பூட்ஸுக்குள்ளும் குளமாகத் தேங்குகிறது. உடல் ஏமாந்துபோய் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலுக்குள் அந்த 100 வாட் முழுவதும் தங்கிவிட்டால், சுமார் நாற்பது நிமிடத்தில் உடல் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். 37 டிகிரியில் தொடங்கியவர் 39-ஐத் தொட ஒன்றரை மணி நேரம்கூடத் தேவையில்லை. நடைமுறையில் வெப்பம் முழுக்கத் தங்குவதில்லை. ஆனால் கண்ணாடிக் கூரை மூடி, வெயிலில், எஞ்சின் ஓடாமல், புறப்படும் உத்தரவுக்காகக் காத்திருக்கும் காக்பிட்டில் வெளியிலிருந்தும் வெப்பம் சேர்கிறது.

இந்த வெப்பம் விமானிகளுக்கு மட்டும் இன்னொரு விதத்திலும் எதிரி. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல ஐந்து, ஆறு மடங்கு விசை இரத்தத்தைத் தலையிலிருந்து காலுக்கு இழுக்கிறது. இதயம் எதிர்த்து மேலே தள்ள வேண்டும். தோற்றால் பார்வை கறுத்து நினைவு போகும். சூடேறிய உடலில் இரத்தத்தின் பெரும்பங்கு குளிர்ச்சி தேடித் தோலுக்குப் போய்விட்டிருக்கும். வியர்த்ததாலும் குடிக்காததாலும் இரத்தத்தின் மொத்த அளவே குறைந்திருக்கும். காலையில் தாங்கிய திருப்பத்தை மதியம் அதே விமானியால் தாங்க முடியாமல் போவது இதனால்தான். கண் இருட்டாமல் காப்பதற்காகப் போட்ட உடை, வேறொரு வழியில் கண்ணை இருட்டச் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அமெரிக்க விமானப்படையின் விண்பறப்பு மருத்துவப் பள்ளியில் சாரா நன்னலி இதை ஒரு அட்டவணையாக்கினார். 1979-ல் ஸ்ட்ரிப்லி என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட போர்விமான வெப்ப அழுத்தக் குறியீடு, வெளியே நிலவும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்துக் காக்பிட்டுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடும். எச்சரிக்கை மண்டலத்தில் தரையில் காத்திருப்பது 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அபாய மண்டலத்தில் 45 நிமிடம். தளபதிகள் விமானியின் பல்லைக் கடித்துக்கொள்ளும் திறனை நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில், கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

வெப்பத்தை வெளியேற்றும் வழியைத் தேடியவர்கள் அதற்கும் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை மருத்துவர் ஜான் பில்லிங்ஹாம், 1950-களின் இறுதியில் ஃபார்ன்பரோவில், உடம்போடு ஒட்டிய ஆடையில் மெல்லிய குழாய்களை ஓடவிட்டு அதில் குளிர்ந்த நீரைச் சுற்றவைக்கலாம் என்றார். 1962-ல் அதே ஊரில் பர்ட்டன், காலியர் என்ற இருவர் அத்தகைய ஆடையைச் செய்துகாட்டினார்கள். சூடான காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் விமானிக்காக யோசித்தது அது. ஆனால் நாசா அதை எடுத்துக்கொண்டு, அப்பல்லோ விண்வெளி வீரர்கள் நிலவில் நடக்கும்போது அணிந்த உள்ளாடையாக்கியது. பில்லிங்ஹாமும் நாசாவுக்குப் போய், பிற்காலத்தில் வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடும் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். நிலவுக்குப் போய்விட்ட அந்த ஆடை, அது யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்குப் பரவலாகக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்குக் குளிர்நீர் மேற்சட்டையும், அதற்கு நீர் அனுப்பும் சிறு குளிரூட்டும் பெட்டியும் ஒழுங்காக வழங்கப்பட்டது 2000-களில்தான்.

அந்தத் தரைப்படைக்கு ஏன் அத்தனை அக்கறை என்பதற்கு அலபாமாவில் ஃபோர்ட் ரக்கரில் உள்ள அதன் விமான மருத்துவ ஆய்வகத்துச் சோதனைகள் காரணம். அங்கே பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் சிமுலேட்டரின் உட்பகுதியைப் பாலைவன வெயில் அளவுக்குச் சூடாக்கி, உண்மையான விமானிகளை முழு இரசாயன உடையில் பறக்கவைத்தார்கள். உடலின் உள்வெப்பத்தை அளந்தார்கள். முன்னும் பின்னும் எடை போட்டு எவ்வளவு வியர்த்தது என்று கணக்கிட்டார்கள். குளிரூட்டல் இல்லாதபோது பலரால் திட்டமிட்ட பறப்பை முடிக்க முடியவில்லை. ஹெலிகாப்டரைக் காற்றில் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க இரு கைகளும் இரு கால்களும் ஓயாமல் சிறு திருத்தங்கள் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கான கவனத்தை வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. தான் கரைவது விமானிக்கே தெரிவதில்லை என்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்துவது.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தபோது இந்தப் பயிற்சியெல்லாம் நிஜமாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1984-ல் இரானியருக்கு எதிராக டபுனைப் போர்க்களத்தில் பயன்படுத்திய நாடு இராக். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் தன் சொந்தக் குர்து மக்கள்மேலேயே நச்சுக் குண்டு வீசிய நாடு. சவுதியின் தபூக், தஹ்ரான், பஹ்ரைனின் முஹரக் தளங்களுக்கு வந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர்விமானக் குழுவினருக்கு ஏஆர்-5 கூடவே வந்தது. ஜெர்மனியின் குளிரை மனதில் வைத்துச் செய்த உடை வளைகுடாவின் ஆகஸ்டில் இறங்கியது. போர் ஜனவரிக்குத் தள்ளிப்போனதால் குளிர்காலம் கைகொடுத்தது. இராக் கடைசிவரை இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்கட் ஏவுகணைக்கும் சைரன் ஒலித்தது. ஒவ்வொரு சைரனுக்கும் முகமூடி ஏறியது.

உடையோடு மருந்தும் வந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை: நொதியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, நரம்பு நச்சு அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். நச்சு தாக்கிவிட்டால் தொடையில் குத்திக்கொள்ள அட்ரோபின் ஊசி. இந்த அட்ரோபின் கண்பாவையை விரிக்கும், அதோடு வியர்வையை நிறுத்தும். நச்சு உண்மையிலேயே தாக்கியிருந்தால் உயிர் காக்கும். பயத்தில், தாக்காதபோதே குத்திக்கொண்டால் கிட்டத்தில் இருப்பது கலங்கித் தெரியும், இதயம் படபடக்கும், ஏற்கனவே உடைக்குள் வெந்துகொண்டிருக்கும் உடல் தன் கடைசிக் குளிர்ச்சியையும் இழக்கும். 1991-ல் ஸ்கட் தாக்குதலின்போது இஸ்ரேலில் 200-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அப்படித் தேவையில்லாமல் குத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். காக்பிட்டில் தனியாக இருப்பவர் அந்த முடிவைச் சரியாக எடுத்தாக வேண்டும். கண் மங்குவது நச்சாலா, கண்ணாடியில் பனியாலா, களைப்பாலா என்று அவரேதான் தீர்மானிக்க வேண்டும்.

கருவிகள் மாறும்போதெல்லாம் முகமூடியும் மாற வேண்டியிருந்தது. 1980-களில் வந்த அப்பாச்சி ஹெலிகாப்டரில் விமானியின் வலது கண்ணுக்கு எதிரே ஒரு சிறு ஒளித்திரை தொங்கும். வேகம், உயரம், குறி எல்லாம் அதில் தெரியும். சாதாரண முகமூடியின் கண்ணாடி அந்தத் திரையைக் கண்ணிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டது. திரையின் ஓரங்கள் மறைந்துபோயின. அதற்காகவே கண்ணாடிகள் முகத்தோடு ஏறக்குறைய ஒட்டியிருக்கும்படி எம்-43 என்ற முகமூடியைச் செய்தார்கள். இன்று எஃப்-35 விமானியின் ஹெல்மெட்டில் முகக்கண்ணாடியே திரையாகிவிட்டது. அதற்குப் பொருந்தத் தனி முகமூடி வடிவமைக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே, உலக நாடுகள் அறிவித்திருந்த இரசாயன ஆயுதக் கையிருப்பில் கடைசிப் பகுதியை அமெரிக்கா கென்டக்கியில் 2023 ஜூலை 7 அன்று அழித்து முடித்தது. ஆனால் சிரியாவில் 2013-லும் 2017-லும் சாரின் பயன்படுத்தப்பட்டதைக் கண்டபின் எந்த விமானப்படையும் இந்த உடையைக் கிடங்குக்குள் பூட்டத் தயாராக இல்லை.

ஆகவே பயிற்சி தொடர்கிறது. பறப்பு முடிந்து இறங்குவது அதன் பாதிதான். தரையிறங்கியதும் விமானி உடையைக் கழற்றிவிட்டுப் போய்விட முடியாது. கோடு போட்டுப் பிரித்த பல நிலைகள் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு உதவியாளர் ஒவ்வொரு பொருளாக உரிப்பார்: முதலில் மேற்பட்டைகள், பிறகு ஹெல்மெட், பூட்ஸ், மேலுடை. வெளிப்பக்கத்தை உட்பக்கமாகச் சுருட்டித்தான் உரிக்க வேண்டும். பிரிட்டிஷார் நச்சுச் சொட்டை உறிஞ்சப் பயன்படுத்தும் தூள், முல்தானி மிட்டி என்று நம் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கும் அதே களிமண்தான். குல்லாய் கடைசியில்தான் வரும். ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, அடக்கி, கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொல்வார்கள். உதவியாளர் குல்லாயை உருவுவார். விமானி கண் திறக்காமல், மூச்சு விடாமல், கைத்தாங்கலாகச் சுத்தப் பகுதிக்குள் போய்ச் சேர வேண்டும். வெயிலில் பறந்து லிட்டர் கணக்கில் வியர்த்து, நிற்கவே தள்ளாடும் ஒருவரிடம் கேட்கப்படும் துல்லியம் இது. இந்த வரிசையில் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டியவர், இரண்டு மணி நேரம் வானத்தில் காத்த கண்களைத் தரையில் இழப்பார். உள்ளே போனதும் அவருக்குத் தண்ணீர் தருகிறார்கள். அடுத்த பறப்புக்கு முன் குறைந்தது இரண்டு மணி நேர ஓய்வு என்கிறது நன்னலியின் அட்டவணை.